தங்கை மேல் விழுந்த பேச்சை என் மேல் இறக்கிய தாய்

என் தங்கை விஜயா ஒரு விடியற்காலையில் பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தாள். எண்பத்து நான்காம் ஆண்டு, தீபாவளி முடிந்து மழை பிடித்திருந்த நேரம். வெளியே, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு மணி அடித்துவிட்டது. அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்திரிடி, மண்டோரு பேரு கூப்பிட்டுருவாரு" என்று அவள் காலைத் தட்டினார். விஜயா பக்கவாட்டில் புரண்டாள். கையை ஊன்றினாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமாக அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக வீடுகள் இருக்கும் எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' என்பார்கள்.

அம்மனின் அடியார்களே, இதை எழுத எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. திருவிழா மலருக்கு அவரவர் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கோயில் தலைவர் கேட்டபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு கல்யாணமாகாத பெண்ணின் இடுப்பு வலியைக் கோயில் மலரில் அண்ணன்காரன் எழுதுவதா? விஜயாதான் விடவில்லை. "நீ எழுதலன்னா நானே எழுதுறேன். எனக்குப் பிழை பிழையா வரும், படிக்கிறவங்க வாத்தியாரு தங்கச்சியைப் பாருன்னு சிரிப்பாங்க, பரவால்லயா?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருக்கும் எங்கள் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் பம்பு. அது நிறைய மருந்துத் தண்ணீர். ஒரு கை பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொரு கை குழாயைப் பிடித்திருக்கும். செம்பனை மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமும் தண்ணீர் ஓடும் காண்வாயுமாக நடக்க வேண்டும். அப்பா பழம் வெட்டுகிறவர், அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கல்லூரிக்கு முந்தின ஆறாம் பாரம் வரை போனவன் நான் ஒருவன்தான். பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். லயத்தில் பெரியவர்கள்கூட என்னை 'வாத்தியாரு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அந்தக் காலை திடீரென்று வந்ததில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகவே அவளுக்கு வலி இருந்திருக்கிறது. குனிந்து வாளியைத் தூக்கும்போது முகம் சுளிப்பாள். பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தால் கொஞ்ச நேரம் கூனிக்கொண்டு நடப்பாள். கேட்டால் "ஒன்னும் இல்லண்ணே" என்பாள். அம்மாதான் அவளை வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்தார். "இடுப்பு வலிக்குதுன்னு வெளிய சொல்லிக்காதடி. இடுப்பு போன பொண்ண எவன் கட்டுவான்?" அதே சமயம் சபாக் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. தை பிறந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எண்ணெய் தேய்த்தோம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றினோம். கடையில் விற்கும் பிளாஸ்திரியை ஒட்டினோம். அம்மா அவளை அசையவே விடவில்லை. "நரம்பு விலகிருக்கு, ஆடாமப் படு." படுத்தே கிடந்தாள். படுக்கப் படுக்க இன்னும் மோசமாயிற்று. கக்கூஸுக்குப் போக அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக நடப்பாள். பத்தொன்பது வயதுப் பெண்.

அப்போதுதான் யாரோ புக்கிட் பெலிம்பிங் கம்பத்தில், மலாய்க்காரர்கள் ஊரில், மாக் ஜா என்று ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளைப்பேறு பார்க்கிற கிழவி. கை பட்டால் சுளுக்கு ஓடும் என்றார்கள். லயத்துக்குத் தெரியக் கூடாது என்பதால் பொழுது விடியும் முன்பே கிளம்பினோம். நான் சைக்கிளை மிதிக்க, அவள் பின்னால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, சடக்குப் பாதையில் ஒவ்வொரு குழிக்கும் "அம்மா, அம்மா" என்றபடி வந்தாள்.

மாக் ஜா நல்ல மனுஷி. இதமாக உருவிவிட்டார். பிறகு நீளமான ஒரு துணியை எடுத்து, மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை சுற்றிச் சுற்றி, முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கட்டிவிட்டார். "இதை அவிழ்க்காதே, இடுப்பைத் தாங்கும்" என்று மலாயில் சொன்னார். விஜயாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. நேராக நின்றாள். எனக்கும் சந்தோஷம்.

படித்தவன் என்று பேர். ஆனால் எனக்கு அந்தத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெண்கள் சமாச்சாரம், யார் சொல்லித் தரப் போகிறார்கள்? லயத்துக்குத் திரும்பியபோது பெண்களெல்லாம் பொதுக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விஜயா சைக்கிளிலிருந்து மெல்ல இறங்கினாள். ரவிக்கைக்கும் பாவாடைக்கும் நடுவில் அந்தத் துணியின் முடிச்சுகள் வரிசையாகத் தெரிந்தன. குழாயடியில் பேச்சு நின்றது. ஒரு வாளி நிரம்பி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா அவள் இடுப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி, இது புள்ள பெத்தவளுக்குக் கட்டுற கட்டுடா!"

அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகாத பெண். பல நாள் வேலைக்குப் போகவில்லை, படுத்தே கிடந்தாள். இருட்டோடு இருட்டாகப் பிள்ளைப்பேறு பார்க்கிற கிழவியிடம் போனாள். திரும்பி வரும்போது பிள்ளை பெற்றவளின் கட்டு. ஊர் தானே கூட்டிக் கழித்துக்கொண்டது.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதி அக்கா வீடு. அன்று மாலை அவர் தன் புருஷனிடம் சொன்னது எங்களுக்கு அப்படியே கேட்டது. "நான் அப்பவே நெனச்சேன். முகம் வெளுத்துக் கெடந்துச்சு. கரைச்சிட்டு வந்துருக்காளுவ. அண்ணன்காரனே சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கான், பாரு அநியாயத்த." விஜயா என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அதன் பிறகு அம்மா எல்லோரும் போன பிறகுதான் குழாயடிக்குப் போவார். அப்பா கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். தை வந்தது. சபாக்கிலிருந்து ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது இருவர் சிரித்துப் பேசினால் எனக்கு அது எங்களைப் பற்றியதாகவே தோன்றும். விஜயா பாயை விட்டு எழுவதே இல்லை. ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, பம்புல போடுற மருந்து வீட்டுல இல்லயே?" என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. குடித்தால் பிழைக்க முடியாத விஷம் அது.

அன்று வெள்ளிக்கிழமை. நான் நேராக நம் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். பூசை முடிந்து எல்லோரும் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கக் கூடாது. தாயிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. 'என் தங்கை இடுப்பைச் சரியாக்கு' என்று சன்னதியில் நினைக்கக்கூட நாக்கு கூசியது. கடைசியில் வந்த வார்த்தை இதுதான். "தாயே, அவ மேல விழுந்த பேச்சை எடுத்துரு. எடுத்து எங்க வேணும்னாலும் போடு. போட எடம் இல்லன்னா என் மேல போடு." அவ்வளவுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போது யாரிடமும் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் மட்டும் அவளைத் தனியாக விடாதீர்கள் என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் நின்றார். ஆஸ்பத்திரிக் கொட்டகையை விட்டு அவராக ஒரு வீடு தேடி வருவது சாதாரணம் இல்லை. வயதானவர், கோபக்காரர். அம்மாவைப் பார்த்து, "பொண்ணுக்கு ரத்தப்போக்கு இருக்கா? காய்ச்சல் இருக்கா? என்கிட்ட மறைக்காதம்மா, உசிரு போயிரும்" என்றார். ஊரில் சுற்றிய அதே பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது. பெண் செத்துப்போய்விடக் கூடாதே என்று வந்திருக்கிறார்.

"ஐயா, அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க, இடுப்பு வலிங்க" என்று அம்மா அழுதார். டிரசர் உள்ளே வந்து விஜயாவிடம் கேட்டார், காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்யா, ஒரு வருஷமா வலியா? வாத்தியாரு வேற. என்கிட்ட கூட்டிட்டு வர்றதுக்கு என்னா?" கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். யோசித்துப் பாருங்கள். எந்தப் பேச்சு எங்களை அழித்ததோ அந்தப் பேச்சுதான் டிரசரை வாசலுக்குக் கூட்டி வந்தது.

கிள்ளானுக்கு பஸ் ஏறினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லி, உடற்பயிற்சி சொல்லித் தரும் அறைக்கு அனுப்பினார். பெண்களுக்குச் சொல்லித் தரும் பெண்மணி அன்று விடுமுறையில் இருந்தார். இருந்தவர் ஒரு சீன இளைஞர், என் வயதுதான் இருக்கும். கட்டிலைக் காட்டிப் படுக்கச் சொன்னார். விஜயா என் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"படுக்க மாட்டேன்ணே. கொன்னாலும் இந்த ஆளு முன்னால படுக்க மாட்டேன்."

"டாக்டரு மாதிரிதான்டி அவரு."

"அப்ப நீ படு."

எனக்குக் கோபம் வந்தது. அந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "டியா மாலு. அவாக் புவாட் டூலு லா" என்றார். அவளுக்கு வெட்கம், நீ முதலில் செய் என்கிறார். நான் நீளக்கைச் சட்டையும் தீபாவளிக்குத் தைத்த இறுக்கமான கால்சட்டையும் போட்டிருந்தேன். அறையில் வேறு நோயாளிகளும் இருந்தார்கள். வேறு வழியில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தேன்.

முழங்காலை மடக்கச் சொன்னார். இடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை, வயிற்றை உள்ளே இழுத்து, அழுத்தி மூடச் சொன்னார். மூச்சை அடக்கக் கூடாது. அது சுலபமாக வந்தது. பிறகு ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுத்தேன். அதுவும் சரி. அடுத்தது, பாதத்தை ஊன்றி இடுப்பை மேலே தூக்க வேண்டும். தூக்கினேன். "லாகி, லாகி" என்றார். இன்னும் தூக்கினேன். கால்சட்டை பின்னால் டர்ரென்று கிழிந்தது.

விஜயா சிரித்தாள். எத்தனையோ நாளாக முகத்தில் ரத்தமே இல்லாமல் இருந்தவள் சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, "ஐயோ, ஐயோ" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த இளைஞர் எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு மீதியையும் கற்றுக்கொண்டேன். கையும் முழங்காலும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை வளைத்து இறக்குவது. அதே நிலையில் ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டுவது. தினமும் கொஞ்ச தூரம் நடப்பது. வலி காலுக்கு ஓடினாலோ கால் மரத்துப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். முக்கியமாக, படுத்தே கிடக்கக் கூடாது என்றார்.

விஜயா மாக் ஜா கட்டிய துணியைக் காட்டி, இதை என்ன செய்வது என்று என் மூலம் கேட்டாள். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னதைத் தமிழில் அவளுக்குச் சொன்னேன். "இதே மாதிரி ஒரு கட்டு உன் வயித்துக்குள்ள சதையாவே இருக்காம். அது தூங்குது. வெளிய கட்டினா அது எந்திரிக்காது. பயிற்சி பண்ணி அதை எழுப்பணுமாம்." விஜயா வீட்டுக்கு வந்ததும் துணியை அவிழ்த்து, துவைத்து, மடித்து வைத்தாள்.

வீட்டில் ஆரம்பித்தோம். ஒரே அறை. அப்பா வெளியே போய்விடுவார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சொல்லுவேன். "அழுத்து. மூச்ச விடு. தூக்கு. மெதுவா எறக்கு." அவள் "அம்மா" என்று முனகுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கிறது. மறுநாளே பார்வதி அக்காவின் குரல். "பெத்த வயிறு தொங்கிறக் கூடாதுல்ல, அதான் இறுக்குறாளுவ. சபாக்கு மாப்பிள்ளைக்குத் தெரியாம இருக்கணுமே!"

ஆக, பேச்சு குறையவில்லை, கூடியது. தாயே, நான் கேட்டது இதுவா என்று எனக்கு மனம் கசந்தது. பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றேன். விஜயா என்னை முறைத்தாள்.

"மறைச்சு மறைச்சுச் செஞ்சாதான் பேசுறாங்க. வெளிய வச்சுச் செய்வோம்."

"எங்க வெளிய?"

"எல்லாரும் பாக்குற எடத்துல. நீயும் எங்கூடப் படு. ஆம்பள நீயும் அதையே செஞ்சா, இது புள்ள பெத்தவ வேலை இல்லன்னு தெரியும்ல?"

"நான் வாத்தியாருடி!"

"அதான் சொல்றேன். வாத்தியாரு செஞ்சா எல்லாரும் பாப்பாங்க."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் மருந்து வீட்டில் இருக்கிறதா என்று கேட்ட பெண் இப்போது வெளியே போகலாம் என்கிறாள். அதை நான் எப்படி மறுப்பேன்?

லயத்தில் அகலமான சுத்தமான சிமெண்டுத் தரை என்றால் கோயில்தான். பூசாரி மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் பதறிப்போனார். "என்னா தம்பி பேசுற? பொம்பளப் புள்ளைங்க சாமிக்கு முன்னால நெடுஞ்சாண்கிடையா விழுந்தே கும்பிடக் கூடாது. நீ மல்லாக்கப் படுக்க வச்சுக் காலத் தூக்கச் சொல்ற?" நான் தலை குனிந்து நின்றேன். திரும்பி நடந்தபோது அவரே கூப்பிட்டார். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். "தேர்க்கொட்டாய் சும்மாதான் கெடக்கு. கூட்டிப் பெருக்கிட்டுப் படுங்க. காலு மட்டும் சன்னதிப் பக்கம் வேணாம்."

தேர்க்கொட்டகை மூன்று பக்கமும் திறந்தது. எதிரே பந்து விளையாடுகிற திடல். மாலையில் தோட்டமே அங்குதான் இருக்கும். விஜயா மருந்தடிக்கப் போகும்போது போடுகிற நீளக்கால்சட்டையும் அப்பாவின் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். நான் கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாயை விரித்தோம். தலையைச் சன்னதிப் பக்கம் வைத்துப் படுத்தோம்.

முதல் தடவை நான் இடுப்பைத் தூக்கியபோது திடலில் பந்து நின்றுவிட்டது.

"டேய், வாத்தியாரு பாலம் கட்டுறாருடா!"

"சார், அடியில லோரி போகலாமா சார்?"

பூனை மாதிரி நின்றபோது ஒருவன் "மியாவ்" என்றான். எதிர்க்கையும் காலும் நீட்டியபோது, "பறக்கப் போறாரு, பறக்கப் போறாரு!" என்று கத்தினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் விஜயா பல்லைக் கடித்துக்கொண்டு, "எறக்காதண்ணே, இன்னும் கொஞ்சம்" என்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. என் வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

தினமும் போனோம். எனக்கு 'இடுப்பு வாத்தியார்' என்று பேர் விழுந்தது. லயத்தில் விழுந்த பேர் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வர எத்தனை நேரம் ஆகும்? மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் மேசைக்கடியில் நாலு காலில் நின்று முதுகை வளைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். "கணேசன், படிச்ச பையன் நீங்க. ஒரு மரியாதை வேணும். பொம்பளைங்க பயிற்சியைப் பொது எடத்துல படுத்துச் செய்றது என்னா பழக்கம்?" தங்கைக்கு இடுப்பு வலி சார் என்றேன். "அப்ப தங்கச்சி செய்யட்டும், நீங்க ஏன்?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பேச்சைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'வாத்தியாரு' என்ற சொல்லில் அவருக்கு இருந்த வெளிச்சத்தை நானே ஊதி அணைத்துவிட்டேன்.

விஜயாவுக்கு மாற்றம் உடனே வரவில்லை. சில நாள் வலி கூடியது போலக்கூட இருந்தது. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், முதல் நாள் விடுமுறையில் இருந்த அந்தப் பெண்மணியிடமே காட்டினோம், அவர் சிலதைக் குறைத்தார், சிலதைக் கூட்டினார். பிறகு ஒரு நாள் காலையில் எனக்கு விழிப்பு வந்தபோது விஜயா பாயில் இல்லை. பயந்து எழுந்தேன். அவள் அடுப்படியில் குனிந்து ஊதாங்குழலால் நெருப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டு தூங்குவது போல் கிடந்தேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வந்திருக்கிறார்கள். சபாக் பக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரர் போலிருக்கிறது, விஜயாவைப் பற்றிக் கேட்டார். "என்னமோ சொன்னாங்களே, அந்தப் பொண்ணு...?"

பார்வதி அக்காவின் குரல் பெரிதாக வந்தது. "சீ, யாரு சொன்னா? பச்ச உடம்புக்காரியா அப்படிக் காலத் தூக்குவா? அந்தப் புள்ளைக்கு ஒன்னும் இல்ல, பாவம், பம்பு தூக்கித் தூக்கி இடுப்பு வலி. கிறுக்கு புடிச்சது அண்ணன்காரனுக்குத்தான். ரொம்பப் படிச்சான்ல. சாயங்காலமானா தேர்க்கொட்டாயில போயி ஆகாசத்தப் பாத்துத் தூக்கிட்டுக் கெடக்கான். வா, காட்டுறேன், சிரிச்சே செத்துருவ."

நான் பாதிச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

'எடுத்து எங்க வேணும்னாலும் போடு. போட எடம் இல்லன்னா என் மேல போடு.'

ஒரு சொல் பிசகாமல் நடந்திருக்கிறது. தங்கை மேல் கிடந்த அவ்வளவு பேச்சையும் தாய் கூட்டி எடுத்து என் தலையில் கொட்டியிருக்கிறாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒவ்வொரு மாலையும் அந்தப் பாயில் கிடந்து, ஏன் தாயே என்னை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறாய் என்று அழுதுகொண்டிருந்தேன். கேட்டது கிடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வந்த வெட்கம், கால்சட்டை கிழிந்தபோதுகூட வந்ததில்லை. கைலியை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. எல்லோரும் பார்க்க நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "பயிற்சியை இங்கயும் ஆரம்பிச்சிட்டாருப்பா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பூசாரி மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு திருநீறு கொடுத்தார்.

அன்று மாலை விஜயாவிடம் முதல் முறையாக அந்த வேண்டுதலைச் சொன்னேன். "ஏண்ணே, வலியையும் சேத்து உம்மேல போடச் சொல்லலியே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மீதியை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அவளோடு மருந்தடிக்கும் மாரியாயி அக்கா ஒரு நாள் கொட்டகை ஓரத்தில் வந்து நின்று, "எனக்கும் இங்கதான் புடிக்குது தம்பி" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் பாயோடு வந்தார்கள். எல்லோரும் இருபதுகளில் இருந்த பெண்கள், எல்லோருக்கும் பல நாள் வலி, எல்லோர் வீட்டிலும் 'வெளிய சொல்லாதே'. பெண்கள் கூடியதும் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. விஜயாவே சொல்லிக் கொடுத்தாள். நான் திடல் பக்கம் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். முதுகில் பம்பு ஏறுகிறவர்கள் மாறி மாறிச் சுமக்க வேண்டும் என்று அந்தப் பெண்களே, வேலை வாங்கும் மண்டோரிடம் போய்ப் பேசினார்கள். கொஞ்சம் சத்தம் போட்டார், பிறகு சம்மதித்தார்.

ஆடித் திருவிழாவில் விஜயா பால்குடம் எடுத்தாள். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை, தலையில் குடம், கையை விட்டுவிட்டு நேராக நடந்து வந்தாள். குழாயடிக்கு யாரும் இல்லாதபோது போன அம்மா அன்று கூட்டத்துக்கு நடுவில் அவளுக்கு முன்னால் வேப்பிலையோடு நடந்தார். அப்பா என் பக்கத்தில் நின்றிருந்தார். குடம் எங்களைத் தாண்டியபோது, என்னைப் பார்க்காமலே, "நல்லா சொல்லிக் குடுத்துருக்கடா வாத்தியாரே" என்றார்.

வலி அடியோடு போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வேலை கடுமையாக இருந்தால் அல்லது சோம்பல்பட்டுப் பயிற்சியை விட்டால் எட்டிப் பார்க்கும். அப்போது அவள் பாயை எடுத்துக்கொண்டு தேர்க்கொட்டகைக்குப் போய்விடுவாள். சபாக் வீட்டார் பிறகு பெண் கேட்டுச் சொல்லி அனுப்பினார்கள். "அவங்க வீட்டுல எல்லாருக்கும் இடுப்பு நல்லா இருக்கான்னு கேட்டுச் சொல்லு, அப்புறம் பாப்போம்" என்று விஜயா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருக்கலாம். அவளைப் படுக்கப் போட்டு மூடி வைக்காதீர்கள். டிரசரிடமோ டாக்டரிடமோ கூட்டிப் போங்கள், அவர்கள் செய்யச் சொல்வதைச் செய்ய விடுங்கள், முடிந்தால் கூடப் படுத்துச் செய்யுங்கள். நம் தாயிடம் கேளுங்கள். தூணுக்குப் பின்னால் நின்று வாய் திறக்காமல் கேட்டதையே கேட்டவள் அவள். கேட்டபடியே தருவாள், அதனால் கேட்டது என்ன என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

போன வாரம் புக்கிட் ரோத்தான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவன் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், "இடுப்பு வாத்தியாரே!" என்று கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதும் எனக்குக் காது சுடத்தான் செய்கிறது. கையைத் தூக்கிக் காட்டி, "இங்கதான் இருக்கேன்" என்றேன்.